ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மைக்செட்டுக்கு வாடகை வாங்க மறுத்த பந்தல்காரர் அண்ணன் அவர்களே, பெயர் விட்டுப்போன பெரியோர்களே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம்.

இந்தப் பொன்னாடை எவ்வளவு நீளம் என்று செயலாளரைக் கேட்டேன். "இரண்டு" என்றார். இரண்டு என்ன? மீட்டரா, கஜமா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது என் அப்பத்தா வாக்கு. அளந்தால் போதாது, அலகையும் சொல் என்பது என் பின்னிணைப்பு.

நிறை, அடர்த்தி, வெப்பநிலை ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முதலில் அடர்த்தி. வீட்டில் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் என்று போட்டு, பக்கத்திலேயே 910 கிராம் என்று இருக்கும். மீதி 90 கிராமைக் கடைக்காரர் அடிக்கவில்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு மில்லிலிட்டர் 0.91 கிராம்தான் இருக்கும்.

இதில் கோட்டை விட்டால் என்ன ஆகும்? 1983 ஜூலை, கனடா. ஒரு போயிங் 767 விமானத்தில் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. சரி, குச்சி விட்டு அளப்போம் என்று அளந்தார்கள். லிட்டர் கிடைத்தது. தேவையோ 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க எதால் பெருக்குவது? தாளில் 1.77 என்று இருந்தது, பெருக்கினார்கள். அந்த 1.77 என்பது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு எடை என்ற கணக்கு! பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. கிலோவுக்கு 0.8 என்று போட்டிருக்க வேண்டும். பாதிக்கும் குறைவான எரிபொருளோடு வண்டி கிளம்பிவிட்டது. 41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பிரச்சினை தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எஞ்சினும் நின்றுபோயின. விமானி அதைப் பட்டம் மாதிரி மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அங்கே அன்றைக்குக் கார் பந்தயம்! ஓடுபாதையில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த பையன்கள் தலைதெறிக்க ஓடினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. கைதட்டுங்கள், விமானிக்கு. அவர்களும் அளந்துதான் போட்டார்கள், அப்பத்தா. அலகுதான் மாறிப்போச்சு.

அடுத்து நிறை. பாரிஸ் அருகே பெட்டகத்தில் இருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் 1889 முதல் உலகத்துக்கே கிலோகிராம். 2019 மே 20 முதல் அது ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் என்றும் மாறாத ஓர் அளவை வைத்து வரையறுக்கிறார்கள். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். ஏனென்றால் நிறை என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது.

நான் படித்த பள்ளியில் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியே இருந்தது. எடைக்கற்களை எடுக்கும் இடுக்கியைக் காணோம் என்று இரண்டு வருஷம் யாரையும் தொடவே விடவில்லை. அடர்த்தி என்றால் நிறை வகுத்தல் கன அளவு என்று நூறு முறை எழுதினேன். ஒரு கல்லைக்கூட நிறுத்துப் பார்த்ததில்லை. இந்தப் பிள்ளைகளுக்கும் அதே கதியா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்கிறோம், எதை வைத்து அளப்பார்கள்? ஆய்வகத்துக்கு ஒரு மின்னணுத் தராசு, பூட்டில்லாத மேசை மேல். இதைத்தான் மூன்று கூட்டமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். வெப்பநிலை அடுத்த வருஷம். வாசலில் தராசு நன்கொடை நோட்டு இருக்கிறது. பெயரும் தொகையும் எழுதுங்கள். தொகைக்குப் பக்கத்தில் ரூபாயா பைசாவா என்றும் எழுதிவிடுங்கள். நன்றி, வணக்கம்.