பின்னிரவில் ஓடும் கடைசி ரயில்

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானிய ரயில் என்றதும் நம் மனக்கண்ணில் வந்து நிற்பது மூக்கு நீண்ட புல்லட் ரயிலான ஷிங்கன்சென்தான். நான் இன்று பேச வந்திருப்பது அதைப் பற்றியன்று. டோக்கியோ நிலையத்தில் இரவு 9.50க்குக் கிளம்பி, பயணிகள் உறங்கிக்கொண்டிருக்கும்போதே மேற்கு நோக்கி ஓடுகிற 'சன்ரைஸ்' என்ற படுக்கை ரயிலைப் பற்றி. அந்த நாட்டில் நாள்தோறும் ஓடுகிற படுக்கை வசதி கொண்ட, சில நிலையங்களில் மட்டும் நிற்கும் 'லிமிடெட் எக்ஸ்பிரஸ்' விரைவு வண்டிகளில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

ஒரு காலத்தில் 'புளூ டிரெயின்' என்று மக்கள் செல்லமாக அழைத்த நீலநிற இரவு வண்டிகள் ஜப்பான் முழுவதும் ஓடின. ஷிங்கன்செனும் விமானமும் இரவுப் பேருந்தும் ஆளுக்கொரு பக்கமாகப் பயணிகளை இழுத்துக்கொள்ள, 'ஃபுஜி', 'ஹயபுசா' வண்டிகள் 2009இல் நின்றன. வடக்கே ஹொக்கைடோ தீவுக்குச் சென்ற 'ஹொகுடோசெய்' 2015இல் நின்றது. 1998 ஜூலையில் தொடங்கிய சன்ரைஸ் மட்டும் எப்படித் தப்பியது என்பது என்னை நெடுநாள் துளைத்த கேள்வி.

விடை வேகத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து மேற்கு ஜப்பானிலுள்ள ஒகயாமா நகருக்கு ஷிங்கன்சென் மூன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். ஆனால் நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை அது ஓடுவதில்லை. ஒகயாமா செல்லும் கடைசி ஷிங்கன்சென் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் டோக்கியோவை விட்டுப் போயிருக்கும். மறுநாள் முதல் வண்டி போய்ச் சேரும்போது காலை ஒன்பதைத் தாண்டிவிடும். சன்ரைஸோ 9.50க்குப் புறப்பட்டு, காலை 6.27க்கு ஒகயாமாவில் நிற்கிறது. அலுவலகம் முடித்து, இரவு உணவை நிதானமாக உண்டுவிட்டு ஏறுபவர், மறுநாள் வேலை தொடங்கும் முன்பே ஊர் சேர்ந்துவிடுகிறார். நள்ளிரவு 1.12க்கு ஹமமட்சுவை விட்டால், பயணிகளுக்கான அடுத்த நிறுத்தம் காலை 5.25க்கு ஹிமெஜிதான்; ஓசாகா என்ற மாநகரமே தூக்கத்தில் கடந்துபோகிறது. வேகமான வண்டி தூங்கும் நேரத்தில் மெதுவான வண்டி ஓடுகிறது. அதுதான் அதன் பிழைப்பு.

இந்த வண்டிக்குள் இருக்கும் குளியலறையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. என் நண்பர்கள் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். ஓடும் ரயிலில் வெந்நீர்க் குளியல்! அதற்கு இயந்திரத்தில் 330 யென் போட்டு ஓர் அட்டை வாங்க வேண்டும். அட்டைக்கு ஆறு நிமிடத் தண்ணீர். முதல் பயணத்தில் நான் என் இடத்தைத் தேடிப் பையை வைத்துவிட்டு ஆற அமரப் போனபோது, அட்டைகள் தீர்ந்துவிட்டன என்று இயந்திரம் விளக்கைக் காட்டிவிட்டது. இரண்டாம் பயணத்தில் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நேராக இயந்திரத்துக்குப் போனேன். அப்படியும் எனக்கு முன்னால் நாலைந்து பேர். ஆறு நிமிடம் போதுமா என்று பயந்துகொண்டே உள்ளே நுழைந்தால், சுவரில் மீதமுள்ள நேரம் எண்களில் ஓடுகிறது. பொத்தானை அழுத்தித் தண்ணீரை நிறுத்தினால் எண்ணும் நின்றுவிடுகிறது. வண்டி வளைவில் சாயும்போது ஒரு கையால் பிடியைப் பற்றி, மறு கையால் சோப்புப் போட்டுக் குளித்து முடித்துப் பார்க்கிறேன், இன்னும் இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம். ஒரு வாளித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவனுக்கு ஆறு நிமிடம் என்பது ஆடம்பரம்.

படுக்கைகளையும் சொல்ல வேண்டும். மரச்சாயல் கொண்ட தனியறைகளின் வடிவமைப்பில் மிசாவா ஹோம்ஸ் என்ற வீடு கட்டும் நிறுவனம் பங்கேற்றது. அதனாலோ என்னவோ, உள்ளே ரயில் பெட்டியின் வாடையே இல்லை. எனக்குப் பிடித்ததோ 'நொபினொபி' என்ற மலிவான இடம். இரண்டு அடுக்குத் தரை, கம்பளம், ஒரு போர்வை, தலைமாட்டில் மட்டும் ஒரு தடுப்பு, தலையணை கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தால், வீட்டுத் திண்ணையில் படுத்த நினைவு வருகிறது. சாப்பாடு மட்டும் வெளியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக்குள் பானங்கள்தான் கிடைக்கும். நான் பட்டினி கிடந்து சொல்கிறேன்.

ஒகயாமாவில் இந்த வண்டி இரண்டாகப் பிரிகிறது. டோக்கியோவிலிருந்து பதினான்கு பெட்டிகளாக வருவது, ஏழு ஏழாகப் பிரிந்து, முன்பாதி 'செட்டோ' என்ற பெயரில் கடல்மேல் பாலம் தாண்டித் தகாமட்சுவுக்கும், பின்பாதி 'இசுமோ' என்ற பெயரில் மலைகளை ஊடறுத்து இசுமோ நகரின் நிலையமான இசுமோஷிக்கும் போகின்றன. தனி எஞ்சின் இழுக்காமல், பெட்டிகளிலேயே மோட்டார் இருப்பதால்தான் இவ்வளவு எளிதாகப் பிரிகிறது. இரவெல்லாம் இரு பாதிக்கும் நடுவில் நடந்துபோகும் வழி திறந்திருக்கும். ஒகயாமா வந்ததும் அதை அடைக்கிறார்கள். இரவு உடையிலேயே நடைமேடைக்கு இறங்கி வந்து ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. அதில் நானும் ஒருவன். 6.31க்குச் செட்டோ நகர்ந்ததும், நம் வண்டியே போய்விட்டதோ என்று என் நெஞ்சு ஒரு கணம் அடித்துக்கொண்டது. நான் வந்த பாதியான இசுமோ கிளம்ப இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

திரும்ப ஏறி அமர்ந்தால், கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலைய ஊழியர் கை காட்டுகிறார். செட்டோ கடக்கும் பாலம் 1988இல் திறக்கப்படும் முன், 1955இல் அந்தக் கடலில் 168 உயிர்களைக் கொண்டுபோன படகு விபத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரமில்லை. இசுமோவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பழைய சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் நாட்டின் தெய்வங்களெல்லாம் இசுமோ பெருங்கோயிலில் கூடுவதாக நம்பிக்கை. அதனால் மற்ற ஊர்களில் அதற்குத் 'தெய்வங்கள் இல்லாத மாதம்' என்று பெயர். இசுமோவில் மட்டும் 'தெய்வங்கள் இருக்கும் மாதம்'. காலை 9.58க்கு இசுமோஷியில் இறங்குபவர்களுக்கு அந்தக் கோயில் வாசல் வரை பேருந்து உண்டு. வணக்கம்.