பெயருக்கு முன்னால் மூன்று 'திரு'

[திரையில்: பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் "திரு. திரு. திரு."]

வணக்கம். இந்தப் பட்டியலைப் பார்த்து நானும் திருதிருவென்றுதான் விழித்தேன்.

மட்டக்களப்பில் தயிர் போடும் ஒரு இடத்துக்குச் செய்த புரோகிராம் இது. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து, எருமைப்பட்டி வைத்திருக்கும் பட்டிக்காரர்கள் பால் கொண்டுவருவார்கள். மாத முடிவில் முதலாளிக்கு வேண்டியது ஒரே ஒரு திரை: யார், எத்தனை தடவை, எத்தனை லீற்றர். பார்க்க மட்டும்தான். பெயருக்கு முன்னால் மரியாதையாகத் 'திரு.' போடச் சொன்னார். நான் லூப்புக்குள், பெயரை மாற்றும் செட்நேம் போட்டு ஒட்டிவிட்டேன். திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் டேபிளிலேயே ஒரு 'திரு' ஏறிக்கொண்டது. சேவ் என்று நான் எங்குமே எழுதவில்லை!

[திரையில்: ஜாவா கோட். என்டிட்டி வரி மட்டும் மஞ்சளில்]

ஜாவா ஆப்ஜெக்டையும் டேட்டாபேஸ் டேபிளையும் இணைப்பது ஹைபர்நேட். டேபிளின் ஒரு வரிசைக்கு ஈடாக அது தரும் ஆப்ஜெக்ட்தான் என்டிட்டி. ஹைபர்நேட் என்டிட்டியைக் கையில் தந்தாலும் கண்ணை எடுக்காது. எடுத்தபோது எப்படி இருந்தது என்று நினைவில் வைத்திருக்கும். டிரான்ஸாக்ஷன் முடியும்போது ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் தானாகவே அப்டேட் அனுப்பிவிடும்.

அதே திரையில் இன்னொரு கூத்து. 200 பட்டிக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலுக்கு ஒரு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி. அப்புறம் ஒவ்வொருவரின் பால் வரவைத் தொடும்போதும் தனித்தனியாக ஒன்று. மொத்தம் 201. முகவரி, அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்காமலே கூட வந்து உட்காரும்.

[திரையில்: மூன்று புலம் கொண்ட ரெக்கார்ட்]

சரி, என்ன செய்யலாம்? திரைக்கு வேண்டியது மூன்று விஷயம். மூன்றே புலத்தோடு ஒரு எளிய ஆப்ஜெக்ட் போதும். தரவை மட்டும் ஏந்திக்கொள்ளும் வகுப்பாக ஜாவா 16-இல் நிலையாக வந்த ரெக்கார்ட் இதற்கென்றே தைத்த மாதிரி இருக்கும். ஹைபர்நேட்டிடம் குவெரி எழுதும் மொழியான ஜேபிக்யூஎல்லில் 'செலக்ட் நியூ' போட்டு, ரெக்கார்டின் பெயரை பேக்கேஜோடு முழுதாகக் கொடுங்கள். அடைப்புக்குறிக்குள் பெயர், கவுன்ட் (எண்ணிக்கை), சம் (கூட்டுத்தொகை). பட்டிக்காரர் வாரியாக குரூப் பை. கூட்டுவது டேட்டாபேஸின் வேலை. வரும் ஒவ்வொரு வரிசைக்கும் ஹைபர்நேட் ரெக்கார்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டு, ஆப்ஜெக்டைத் தந்துவிட்டு, அதை மறந்துவிடும். ஒரே குவெரி. 'திரு' எத்தனை ஒட்டினாலும் டேபிளுக்குப் போகாது.

[திரையில்: சிவப்பு எரர்]

எனக்கு முதல் தடவையே ஓடவில்லை. கன்ஸ்ட்ரக்டருக்குள் போகும் வரிசையும் டைப்பும் அச்சாகப் பொருந்த வேண்டும். கவுன்ட் தருவது லாங். நான் ரெக்கார்டில் இன்டிஜர் என்று எழுதியிருந்தேன்.

அடுத்தது, அந்த மாதம் பாலே தராதவர். அவர் பெயரும் பட்டியலில் வேண்டும் என்றால், பால் வரவு இல்லாதவரையும் விடாமல் சேர்க்கும் லெஃப்ட் ஜாயின். மாத நிபந்தனையை வேர் (where) பகுதியில் போட்டால் ஆள் காணாமல் போவார். ஜாயினோடு ஆன் (on) பகுதியில் போடுங்கள். அவருக்கு, பால் வரவை எண்ணும் கவுன்ட் 0 என்று வரும், சம் மட்டும் மதிப்பே இல்லாத நல் (null) என்று வரும். அதை கோஅலெஸ் போட்டு 0 ஆக்காவிட்டால், கீழே மொத்தம் கூட்டும் இடத்தில் புரோகிராம் விழும். எனக்கு விழுந்தது.

தொலைபேசி இலக்கம் திருத்தும் திரையில் மட்டும் பழையபடி என்டிட்டிதான் வைத்திருக்கிறேன். அங்கே அந்தத் தானாகச் சேமிக்கும் குணம்தானே வேண்டும்.

[திரையில்: ஒரு அப்டேட் வரி]

டேபிளில் ஏறிய 'திரு'க்களை இந்த ஒரு வரிதான் இறக்கியது. பேக்கப் எடுத்துவிட்டுத்தான் ஓட்டினேன்.