தாயும் பிள்ளையும் சந்திக்கும் அறை

நேயர்களுக்கு வணக்கம்.

பெற்றோரால் சில காலம் வளர்க்க இயலாத குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் விடுவதை வளர்ப்புப் பராமரிப்பு என்கிறோம். இது தத்து அன்று. பெற்ற உறவு இதில் அறுவதில்லை. குழந்தையின் நலனுக்குக் கேடில்லை என்று குழந்தைகள் நலக் குழு கருதினால் பெற்றோர் அவ்வப்போது பார்த்துவரலாம் என்றும், வளர்க்கும் நிலைக்கு அவர்கள் வந்துவிட்டதாகக் குழு முடிவு செய்தால் குழந்தை வீடு திரும்பலாம் என்றும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44ஆம் பிரிவில் சொல்கிறது. ஆகவே அந்தச் சந்திப்புகளை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

ஈரோட்டுப் பக்கம் இத்தகைய சந்திப்புகள் நடக்கும் ஓர் அறையைச் சீரமைக்கச் சென்ற ஆண்டு நாங்கள் ஏழு பேர் சென்றோம். சுவரில் முயலும் கரடியும் வரைந்து பொம்மைகளை அடுக்கிவிடலாம் என்பதே எங்கள் எண்ணம். அங்கிருந்த சமூகப் பணியாளர் அம்மையாரோ, "பிள்ளை உட்காரும் நாற்காலியில் முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்" என்றார். நடுவில் அகலமான இரும்பு மேசை. கை நீட்டினாலும் எதிரே இருப்பவரைத் தொட முடியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு மேசை விளிம்பு கழுத்துக்கு வரும்.

மேசையை வெளியேற்றிவிட்டுப் பவானி ஜமக்காளத்தை விரித்தோம். செயற்கை நூலில் நெய்தது வழுக்கும் என்பதால், தடித்த பருத்தி நூலில் நெய்ததையே கேட்டு வாங்கினோம். சுண்ணாம்பு அடித்தால் செலவு குறைவுதான். ஆனால் அம்மாவைப் பார்ப்பதற்கென்று நல்ல உடுப்புப் போட்டு வரும் பிள்ளை சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளையாகிவிடும். அதனால் எமல்ஷன் பூசி, வாடை போக நான்கு நாள்கள் ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். வேலை நடந்தபோது அறையைப் படம் எடுத்தோமே தவிர, குழந்தைகளை ஒருபோதும் எடுக்கவில்லை. அவர்களின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

எங்களுடன் வந்த தையல்கார அம்மா மூலையில் ஒரு கண்ணாடியை மாட்டி, சீப்பும் தேங்காயெண்ணெயும் வைத்தார். எனக்கு அப்போது அதன் அருமை தெரியவில்லை. பிறகு நடந்ததைப் பெயர் சொல்லாமல் பணியாளர் விவரித்தார். பேச்சு வராமல் மடியில் பையை இறுக்கிக்கொண்டிருந்த ஒரு தாய், சீப்பைக் கண்டதும் எழுந்து, "வா சாமி" என்று மகளை ஜமக்காளத்தில் முன்னால் உட்காரவைத்து, சிடுக்கெடுத்து, எண்ணெய் தடவி, இரட்டைச் சடை பின்னினாராம். பின்னி முடிப்பதற்குள் மகள் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டாளாம்.

இவ்வேலையில் சேர விரும்புவோர் தங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். பொருள் எதையும் வாங்குவதற்கு முன்னால் என்ன தேவை என்று பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும்போது அந்தச் சிறுமி, "சீப்பை நான் எடுத்துட்டுப் போகட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றுமுதல் நாங்கள் சீப்புகளை டஜன் கணக்கில் வாங்கி வைக்கிறோம்.

நன்றி, வணக்கம்.