சுமை மாறிய களிமண்

நேயர்களுக்கு வணக்கம். நீரிலுள்ள சாயத்தையும் நஞ்சையும் பிடிப்பதற்காக, மின்சுமையை மாற்றி ஆய்வகத்தில் செய்யப்படும் அமினோ களிமண்ணைப் பற்றி இன்று பேசுகிறேன். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் பெங்களூரு பாட்டரி டவுன் பக்கம் போனவர்கள், குயவர்கள் களிமண்ணை மிதித்துப் பிசைவதைப் பார்த்திருப்பீர்கள். தகடு தகடாக இருக்கும் துகள்களுக்கு நடுவே நீர் புகுந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் மண் கைக்கு இணங்குகிறது. கோவில்பட்டிக் கரிசல்காட்டில் வளர்ந்த எனக்கு இதே குணம் வேறு வடிவத்தில் பழக்கம்: சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் நிலம், ஐப்பசி மழையில் ஊறி வீங்கித் தானே மூடிக்கொள்ளும். அப்படி வீங்கும் கனிமங்களில் முக்கியமானது மோண்ட்மோரில்லோனைட். பிரான்சு நாட்டின் மோண்ட்மோரில்லோன் என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்படுவது.

அதன் ஓர் அடுக்கின் கனம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர்தான். ஒரு கிராமை அடுக்கடுக்காகப் பிரித்து விரித்தால் 700 சதுர மீட்டருக்கும் மேல் வரும். இந்நகரத்து வழக்கில் சொன்னால், முப்பதுக்கு நாற்பது அடி மனைகள் ஆறுக்கும் மேல். அடுக்கினுள் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் அமர்ந்திருப்பதால், அடுக்கு முழுவதும் எதிர்மின் சுமை தங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டச் சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் இடைவெளியில் வந்து தங்குகின்றன. பயிருக்கான சத்துகளைக் கரிசல் மண் பிடித்து வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆனால் இயற்கைக் களிமண் நேர்மின் அயனிகளையே வரவேற்கும். எதிர்மின் அயனிகளை விலக்கும். நீரைக் கெடுக்கும் பொருள்கள் பலவும் எதிர்மின் வடிவில் இருப்பதால் இது பெருங்குறை. ராணிப்பேட்டைப் பகுதியின் நிலத்தடி நீரைப் பாழாக்கிய ஆறிணைதிறன் குரோமியம், குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாகவே நீரில் உலவுகிறது. துணிச்சாயங்களிலும் கணிசமானவை இந்த வகையே.

ஆகவே களிமண்ணின் சுமையையே மாற்றிவிட முடியுமா என்ற கேள்வி எழுந்தது. இங்கிலாந்தில் வேதியியலாளர் ஸ்டீபன் மான் குழுவினர் 1997-இல் வெளியிட்ட வழிமுறை, நான் அறிந்தவற்றுள் மிக எளியது, மிக அழகானது. மக்னீசியம் குளோரைடை எத்தனாலில் கரைத்து, அமினோபுரொப்பைல் ட்ரைஎத்தாக்சி சிலேன் என்னும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், அறை வெப்பநிலையிலேயே வெண்ணிற வீழ்படிவு உருவாகிறது. மாக்கல் சட்டியில் இருக்கும் டால்க் கனிமத்தின் அடுக்கமைப்பை ஒத்தது அது. ஆனால் இங்கே ஒவ்வொரு சிலிக்கான் அணுவிலும் நைட்ரஜன் கொண்ட அமீன் கை ஒன்று வேதிப்பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. சாதாரணக் களிமண்ணில் ஓர் அயனிக்குப் பதிலாக இடைவெளிக்குள் வந்த மூலக்கூறு கழுவும்போது போய்விடக்கூடும். இந்தக் கை போகாது.

இந்த அமினோ களிமண்ணை முதன்முதலில் நீரில் போட்டுப் பார்த்த நாள் இன்றும் நினைவிருக்கிறது. சாதாரணக் களிமண் நீரைக் கலங்கடிக்கும். இதுவோ, சோதனைக் குழாயை இருமுறை குலுக்கியதும் கண்ணிலிருந்தே மறைந்தது. பின்னால் பிடித்திருந்த காகிதத்தின் எழுத்துகளைத் தடையின்றிப் படிக்க முடிந்தது. நீரில் அமீன் கைகள் புரோட்டானை ஏற்று நேர்மின் சுமை பெறுவதால், அடுக்குகள் ஒன்றையொன்று தள்ளித் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. தங்க உப்பைச் சேர்த்து, அதைத் தங்கமாக ஒடுக்கும் சோடியம் போரோஹைட்ரைடு விட்டபோது கரைசல் ஒயின் நிறத்துக்கு மாறியது. உருவான நானோத் தங்கத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாதபடி இந்த அடுக்குகளே காத்து நிற்கின்றன.

இவ்வூர் ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி நடந்திருக்கிறது. ஒளியை வாங்கும் சாயம் ஒன்றையும், அதனிடமிருந்து ஆற்றலைப் பெற்று ஒளிரும் சாயம் ஒன்றையும் அமினோ களிமண்ணின் மீது அருகருகே அமர்த்தி, ஒளிரும் நீர்க்கூழ்களை அங்கே உருவாக்கினார்கள். டி.என்.ஏ.வின் பாஸ்பேட் முதுகெலும்பும் எதிர்மின் சுமை உடையது என்பதால், அதையும், சில புரதங்களையும் இந்த அடுக்குகளால் போர்த்த முடியும் என்று மான் குழுவினர் காட்டியிருக்கிறார்கள்.

நீரைத் தூய்மையாக்கும் பயன்பாட்டில்தான் என் அக்கறை அதிகம். சிக்கலும் அங்கேதான் அதிகம். நீரில் முழுவதும் பரவிவிடும் பொருளை, நஞ்சைப் பிடித்த பிறகு எப்படித் திரும்ப எடுப்பது? சாயங்களைப் பொறுத்தவரை விடை எளிது: எதிர்மின் சாயம் ஏறியதும் சுமைகள் ஈடாகி, களிமண் தானே திரண்டு அடியில் படிகிறது. குறைந்த அளவில் கரைந்திருக்கும் குரோமேட்டுக்கு அந்த வசதியை நம்பியிருக்க முடியாது. அடுக்குகளை மணிகளிலோ வடிபடலத்திலோ கட்டிப்போட வேண்டும். மேலும், அமிலம் மிகுந்த நீரில் மக்னீசியம் கரைந்து வெளியேறி அடுக்கமைப்பே சிதைவதால், தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீரை முதலில் நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே இதில் செலுத்த வேண்டும்.