"உண்மையைச் சொல்லுங்க அண்ணா" என்று படத்தை நீட்டினால்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கேட்கிறதா? மைக்குக்குப் பஞ்சு உறை போட்டும் இப்படித்தான் இருக்கிறது. கேரளாவில் கொல்லங்கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வயல் வரப்பில் நிற்கிறேன். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று இது. அம்மியே பறக்கும் என்பார்கள், என் மைக் எம்மாத்திரம்! பின்னால் தெரிவது நெல்லியாம்பதி மலை. பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று எங்கிருந்து கேமராவோடு வந்தாலும் ஆளை இந்த மலைக்கு முன்னால்தான் நிறுத்துகிறார்கள்.

இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டப் போவதில்லை. ஒருவர் தான் எடுத்த போட்டோவைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். என்ன சொல்வது? நம் படத்தைப் பற்றி இன்னொருவர் சொன்னால் அதை எப்படிக் கேட்டுக்கொள்வது? இதைத்தான் பேசப்போகிறேன்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கல்யாணப் படம் எடுக்கிறார். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். தமிழ் நண்பர்கள் "சூப்பர்" என்கிறார்கள், மலையாள நண்பர்கள் "அடிபொளி" என்கிறார்கள், இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த படத்தில் எதை மாற்றுவது என்று புரியவில்லையாம். "நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க அண்ணா" என்று ஒரு படத்தை நீட்டினார். தங்கச் சரிகைக் கரை போட்ட வெள்ளைக் கசவுப் புடவையில் மணப்பெண், சுற்றிலும் பச்சை வயல், பின்னால் மலை.

நான் முதலில் கேட்டது, "இந்தப் படம் யாருக்கு?" என்று. அவருடைய ஆல்பத்துக்கா, பெண் வீட்டுச் சுவருக்கா? பெண் வீட்டுக்கு என்றார். சரி, அப்படியென்றால் முகம்தான் முக்கியம், மலை அப்புறம். இதைக் கேட்காமல் ஆரம்பித்தால் என் ரசனையைத்தான் அவர் தலையில் கட்டியிருப்பேன்.

அப்புறம் பார்த்ததைச் சொன்னேன். "லைட்டிங் சரியில்லை" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் அவர் என்ன செய்வார்? எந்த இடத்தில், என்ன தெரிகிறது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் பச்சை ஏறியிருந்தது. வயலில் பட்ட வெயில் கீழிருந்து முகத்தில் அடிக்கிறது. இங்கே எடுக்கிற படங்களில் நிறைய இப்படி இருக்கும், பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் யாரும் கண்டுகொள்வதில்லை. எடிட்டிங்கில் பச்சையைக் குறைக்கப் போனால் பின்னால் இருக்கிற வயலும் சேர்ந்து வெளிறிவிடும், முகத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து (மாஸ்க் என்பார்கள்) திருத்திக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குப் பதிலாகப் பெண்ணை நாலு எட்டு தள்ளி மண்பாதையில் நிறுத்தினால் கீழிருந்து வருகிற வெளிச்சம் இதமான நிறத்தில் இருக்கும். இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை இடுப்புக்குக் கீழே பிடிக்கச் சொல்லலாம்.

தலைக்கு மேலே ஒரு பனைமரம் முளைத்திருந்தது. அதைச் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார். ஒரு அடி நகர்ந்திருந்தால் போதும்.

முடி விஷயம்தான் சிக்கல். இந்த மாதத்தில் இங்கே காற்றும் மேற்கிலிருந்து வருகிறது, மாலை வெயிலும் மேற்கிலிருந்து வருகிறது. மேற்கே பார்க்க வைத்தால் முடி அழகாகப் பின்னால் போகும், ஆனால் கண் கூசும். திருப்பி நிறுத்தினால் முடியின் ஓரத்தில் வெளிச்சக் கோடு விழும், ஆனால் அந்த முடி முழுவதும் முகத்தில் விழும். மலை தெற்கே இருப்பதால் அதைப் பின்னணியாக வைத்தால் இரண்டுமே பக்கவாட்டில் அடிக்கும். "முடி கலைந்திருக்கு" என்று குறை சொல்வது சுலபம், அந்த இடத்தில் அவருக்கு என்ன வழி இருந்தது என்று யோசித்துச் சொல்வதுதான் வேலை. சூரியன் மேகத்துக்குள் போகும் வரை காத்திருந்து, முகத்தைக் கொஞ்சம் மேற்கே திருப்பச் சொல்லலாம் என்றேன். அதுவும் முடியாவிட்டால் பின்னல் போட்டு வரச் சொல்ல வேண்டியதுதான். போனில், பின்னணியை மங்கலாக்குகிற போர்ட்ரெய்ட் மோடில் எடுக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. பறக்கிற முடி எங்கே முடிகிறது என்று போனுக்குச் சரியாகத் தெரியாது, மல்லிகைப் பூவில் பாதியைச் சேர்த்து மங்கலாக்கிவிடும்.

அவர் நடுவில், "இல்லண்ணா, அன்னைக்கு லேட்டாயிடுச்சு, பொண்ணோட அண்ணன் வேற அவசரப்படுத்தினார்" என்று ஆரம்பித்தார். இருக்கட்டும். ஆனால் படத்தைச் சுவரில் மாட்டும்போது அந்த அண்ணன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லப் போவதில்லையே. படத்தைக் காட்டும்போது முதலில் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பது நல்லது. ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை வீட்டுக்குப் போய் முடிவு செய்யலாம்.

இதே படத்துக்குப் பெண் வீட்டில் சொன்னது வேறு. "முகம் கறுப்பா இருக்கு, கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்க." தம்பிக்குக் கோபம். எனக்கும் இந்த வெளுப்பாக்குகிற வழக்கம் சுத்தமாகப் பிடிக்காது. ஒரு காலத்தில் கோடாக் கம்பெனி பிரிண்ட் போடுகிற லேபுகளுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டையில் வெள்ளைக்காரப் பெண் படம் இருந்தது, ஷெர்லி கார்டு என்பார்கள். அந்தத் தோலுக்குத் தோதாகத்தான் பிரிண்ட் நிறத்தைச் சரிபார்த்தார்கள். அந்தக் கார்டெல்லாம் போய்விட்டது, நாம் இன்னும் எடிட்டிங்கில் வெளுப்பாக்க ஸ்லைடரை இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் அந்த வீட்டார் சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம் என்றேன். மறுபடி பெரிதாக்கிப் பார்த்தோம். முகம் நிஜமாகவே இருட்டாகத்தான் இருந்தது. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் பொதுவாக எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். ஃபிரேமில் பாதி கசவுப் புடவை, வெயிலில் பளீரென்று வெள்ளை. அதைப் பார்த்து மீட்டர் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிட்டது, பெண்ணின் முகம் நேரில் இருப்பதைவிடக் கறுத்துவிட்டது. வீட்டார் கண்டுபிடித்த குறை சரி, அவர்கள் சொன்ன வைத்தியம்தான் தப்பு. தோல் நிறத்தைத் தொடாமல் முகத்தின் வெளிச்சத்தை மட்டும் தம்பி ஏற்றிக் கொடுத்தார். புடவையின் வெள்ளையில் மடிப்பு மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள மட்டும் சொன்னேன். அனுப்பினார், அவர்கள் மறுபடி வெளுப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்னொன்று. படத்தில் இருக்கிற ஆளின் எதிரில் இதையெல்லாம் பேசாதீர்கள். "கண்ணுக்குக் கீழே நிழல்" என்று நாம் வெயிலைத்தான் சொல்கிறோம், அந்தப் பெண் காதில் அது தன் முகத்தைப் பற்றிச் சொன்னதாகவே விழும்.

அடுத்தது முதலமடை ரயில்வே ஸ்டேஷன் ஆலமரங்களுக்குக் கீழே. அங்கே இலை இடுக்கு வழியாக வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும், அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். உங்கள் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பதாக இருந்தால் ஒரே ஒரு படத்தைக் காட்டுங்கள், நாற்பதைக் கொட்டினால் யாராக இருந்தாலும் "எல்லாமே நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். மழை இறங்குகிறது, கேமராவை மூடுகிறேன். வருகிறேன் மக்களே.