தள்ளாட்டமும் கோதுமையும்

நேயர்களுக்கு வணக்கம். ஐம்பது வயதை ஒட்டிய ஒருவருக்கு நடை தள்ளாடுகிறது. இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். பேச்சு லேசாகக் குழறுகிறது. வீட்டில் "வயசாயிடுச்சு" என்பார்கள். எங்களைப் போன்ற நரம்பியல் மருத்துவர்கள் ஸ்கேன் எடுப்போம், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்போம். கோதுமையைப் பற்றி யாரும் அதிகம் நினைப்பதில்லை.

சீலியாக் நோய் என்றாலே வயிற்றுப்போக்கு, இளைத்துப்போன குழந்தை என்றுதான் படித்தோம். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை உடல் பகையாக நினைத்துச் சிறுகுடலைத் தாக்கும் நோய் இது. பெரியவர்களில் 16 நோயாளிகளுக்கு நரம்புக் கோளாறும் இருந்ததை 1966-லேயே பிரிட்டனில் குக், ஸ்மித் என்ற மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அங்கே ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த மருத்துவர் ஹட்ஜிவாசிலியோ அதைத் திருப்பிப் பார்த்தார். காரணம் பிடிபடாத நரம்புக் கோளாறோடு வந்தவர்களின் ரத்தத்தில் குளூட்டனுக்கு எதிரான ஆன்டிபாடியை, அதாவது அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தை, தேடினார். 1996-இல் வந்த முடிவு: அவர்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது, ரத்ததானம் செய்த ஆரோக்கியமானவர்களில் 12 சதவீதம் பேருக்கு. அதனால் அந்த ஒரு பரிசோதனையை மட்டும் வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது.

இப்படிக் குளூட்டனால் நரம்பு கெட்டவர்களில் பலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இராது. அடி விழுவது சிறுமூளையில். நடையைச் சீராக வைத்திருக்கும் புர்கின்யே செல்கள் அங்கே அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. வேறு சிலருக்குப் பாதம் மரத்துப்போகும், எரியும். குடல் சரியாக உறிஞ்சாததால் பி12, தாமிரம் குறைந்தும் நரம்பு கெடலாம். அதையும் பார்க்க வேண்டும்.

தென்னிந்தியாவில் இந்த நோய் வட இந்தியாவைவிட மிகக் குறைவு. அதனாலேயே இங்கே நினைவுக்கு வராமல் போகிறது என்பது என் கவலை.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதைக் கேட்டதும் சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள். குளூட்டனை நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையும் குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் சரியாகக் காட்டாமல் போகலாம். முதலில் பரிசோதனை. நோய் உறுதியானால் ரவை, மைதா, சேமியா எதுவும் கூடாது, ஆயுள் முழுக்க. அரிசி இருக்கிறது, கேழ்வரகு, கம்பு இருக்கின்றன. ஆனால் சாம்பாரில் போடும் பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.