கண்ணாடி மழையும் ஒரு பலூனும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹெச்டி 189733 பி. பெயரைக் கேட்டால் யாரோ வாகனப் பதிவு எண் சொல்வதுபோல் இருக்கும். 64 ஒளியாண்டுக்கு அப்பால், குறுநரி விண்மீன் குழுவில் ஒரு விண்மீனைச் சுற்றும் கோள் இது. 2005இல் கண்டுபிடித்தார்கள். வியாழனைவிடச் சற்றே பெரிய வாயுக் கோள். தன் விண்மீனை 2.2 நாளில் ஒரு சுற்று சுற்றிவிடும். அங்கே ஓர் ஆண்டு என்பது அவ்வளவுதான்.

இதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆழ்ந்த நீலம், மேலே வெள்ளை மேகச் சுழிகள். அந்தச் சுழிகள் ஓவியர் கைவண்ணம். கோளை அப்படிப் படமெடுக்க இன்றுவரை எந்தத் தொலைநோக்கியாலும் முடியாது. ஆனால் அந்த நீலம் உண்மை. எப்படித் தெரியும்? கோளும் விண்மீனும் சேர்ந்து ஒரே ஒளிப்புள்ளியாகத்தான் நமக்குத் தெரிகின்றன. கோள் விண்மீனுக்குப் பின்னால் போய் மறையும்போது, அது பிரதிபலித்துக்கொண்டிருந்த ஒளி மட்டும் குறையும். ஹப்பிள் தொலைநோக்கி அந்தக் குறைவை அளந்தது. நீல ஒளி இம்மி குறைந்தது, பச்சை குறையவில்லை. அப்படியானால் மறைந்த பொருள் நீலம். 2013இல் வெளியான இந்த முடிவு, எந்த ஓவியத்தையும்விட எனக்கு அழகாகப் படுகிறது.

அப்புறம், இந்தக் கோளில் பெய்வதாகச் சொல்லப்படும் அந்தப் பிரபலமான கண்ணாடி மழை. காற்றுமண்டலத்தில் சிலிகேட், அதாவது கண்ணாடியின் மூலப்பொருள் வகை, துகள்களாக இருக்கலாம் என்பது நியாயமான ஊகம். காற்று மணிக்கு 8,700 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவது அளந்த விஷயம். இரண்டையும் சேர்த்து, கண்ணாடித் துகள்கள் பக்கவாட்டில் பாயும் என்கிறார்கள். சரி, இருக்கலாம். யாரும் பார்த்ததில்லை. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு அங்கே இருப்பதை 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகள் காட்டின. கண்ணாடி மழை அளவுக்கு இது ஏனோ பிரபலமாகவில்லை.

கற்பனைதான் வேண்டுமென்றால் இந்த எண்களை வைத்தே செய்யலாம். கோளின் ஒரே முகம்தான் எப்போதும் விண்மீனைப் பார்த்திருக்கும் என்று கணிக்கிறார்கள். ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர இரவு. அங்கே ஒரு பலூனை மிதக்க விடுவோம். கிழக்கு நோக்கி வீசும் காற்று அதை இரவுப் பக்கத்துக்கு இழுத்துச் செல்லும். கோளின் சுற்றளவு சுமார் 5 லட்சம் கிலோமீட்டர். அதே வேகத்தில் போனால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நாள். ஆக, பலூன்காரருக்கு ஒரு நாள் என்பது ஓர் ஆண்டைவிட நீளம்!

விண்மீன் அங்கே நம் சூரியனைப்போல் 25 மடங்கு அகலமாகத் தெரியும். அது முழுதாக அடிவானில் இறங்கி முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவாகிவிட்டதே, குளிருமா என்றால், இரவுப் பக்கத்திலும் சுமார் 700 டிகிரி செல்சியஸ்.

எந்தத் துணியில் பலூன் தைத்தால் அங்கே தாங்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். வணக்கம்.